வாய் பொத்திச் சிரிக்கும் வன்னிப் பிள்ளைகள்

பதினைந்து வயதானதும் எங்கள் பிள்ளைகள் தேசிய அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்குப் போக அந்த அட்டை வேண்டும். படத்துக்கும் விதி உண்டு. முகம் நேராக இருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும். கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில் என் அலுவலுக்காகக் காத்திருந்தபோது, அந்தக் கடைசி விதியோடு ஒரு பிள்ளை பட்ட பாட்டைப் பார்த்தேன்.

"வாயை மூடுங்கோ தங்கச்சி" என்றார் படம் எடுப்பவர். அவள் மூடினாள். மேல் உதட்டைக் கீழே இழுத்து, கீழ் உதட்டை மேலே தள்ளி, நாடி முழுவதும் சுருங்கும்படி மூடினாள். "இறுக்கி மூடாதேங்கோ, சும்மா இருக்கிற மாதிரி இருங்கோ" என்றார் அவர். சும்மா விட்டால் உதடு திறந்துகொள்கிறது. முன்பல் இரண்டும் கீழ் உதட்டின் மேல் வந்து நிற்கின்றன. நாலு தரம் எடுத்தார்கள். ஐந்தாம் தரம் அவள் கண் கலங்கியிருந்தது.

தாய் என் பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்பவர் போலச் சொன்னார்: "இவளுக்குச் சின்னனிலையே பல்லு மிதப்பு. கலியாணம் பேசேக்கை பாப்பம் எண்டு விட்டிட்டம்."

அந்தத் தாயில் நான் குற்றம் காணவில்லை. ஆனால் கலியாணம் பேசும் வயதுக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்குப் பத்து வருடப் பாடசாலை வாழ்க்கை இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உயிர் தப்பி வந்த சனத்துக்குப் பல்லு ஒரு பிரச்சினையா?

இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. போர் முடிந்த 2009 மே மாதத்தை முள்ளிவாய்க்காலில் கடந்து, செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்து, வெறுங்காணிக்குத் திரும்பி வந்தவர்கள் நாங்கள். காணாமற்போனவரைத் தேடிக்கொண்டும், காலிலோ கையிலோ துண்டுக் குண்டோடும் வாழ்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில் பல் வரிசையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமாகத் தோன்றலாம்.

ஆனால் மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டுவிட்டது. அந்த முகாமிலும், மீள்குடியேறிய முதல் வருடங்களிலும் பிறந்த பிள்ளைகள்தான் இன்று பதின்ம வயதில் நிற்கிறார்கள். அவர்கள் தங்களை 2009உடன் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையோடும் கைபேசியில் வரும் முகங்களோடும்தான் ஒப்பிடுகிறார்கள். ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்து வரும் மச்சாள் பல்லில் கம்பியோடு சிரிக்கிறாள். ஒரே அப்பப்பாவின் பேத்திகள், பல்லும் ஒரே வாகு. பிரித்தானியாவில் பதினெட்டு வயதுக்குக் கீழே பல் கோளாறு கடுமையாக உள்ள பிள்ளைக்கு அரச செலவிலேயே சிகிச்சை கிடைக்கிறது. இங்கே இருப்பவள் குடும்பப் படத்தில் பின்வரிசைக்குப் போய் நிற்கிறாள்.

பெயர் வைப்பது யார்?

நான் படிப்பித்த ஒரு பாடசாலையில், ஒரே வகுப்பில் ஒரே பெயரோடு இரண்டு மாணவிகள் இருந்தார்கள். முதலெழுத்தைச் சொல்லி அழைத்திருக்கலாம். ஆனால் ஒருத்தி "நெட்டை" ஆனாள், மற்றவள் "மிதப்பு" ஆனாள். முதலில் அப்படிச் சொன்னது பிள்ளைகள் அல்ல. ஆசிரியர் அறையில் பிறந்து வகுப்புக்குப் போன பெயர் அது. நானும் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தவன். "மிதப்பு" ஆன பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாசிக்க எழும்பவே மாட்டாள். எழுப்பினால் புத்தகத்தை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிப்பாள். தமிழ்த் தினப் போட்டிக்குப் பேச்சு எழுதித் தந்தாள், நல்ல பேச்சு. மேடையில் அதைப் பேசியது வேறொரு பிள்ளை.

இது எங்கள் ஊருக்கு மட்டுமான கதையல்ல. ஜோர்தானில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பாடசாலைப் பிள்ளைகள் 920 பேரிடம் கேட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் சக மாணவரின் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். எதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று கேட்டபோது முதலிடத்தில் வந்தது பல். உடல் பலமும் உடல் எடையும் அதற்குப் பிறகுதான் வந்தன.

இங்கிலாந்தில் பல் சீராக்கும் சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 336 பேரை ஆராய்ந்தார்கள். எட்டுப் பேரில் ஒருவர் கேலிக் கொடுமைக்கு உள்ளாகியிருந்தார். அவர்களில் 27 பேரைச் சிகிச்சை தொடங்கிய பின்னர் திரும்பவும் விசாரித்தபோது, பெரும்பாலானோர், நாலில் மூன்று பங்குக்கு மேல், இப்போது கேலி இல்லை என்றார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால், கம்பி போட்டால் எல்லாம் சரி என்று முடித்துவிடலாம். அது உண்மையல்ல. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 1981இல் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பரிசோதித்தார்கள். இருபது வருடம் கழித்து, முப்பது கடந்த வயதில், அவர்களில் 337 பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் ஆராய்ந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களின் பல் வரிசை நன்றாக இருந்தது, அதில் அவர்களுக்குத் திருப்தியும் இருந்தது. ஆனால் தன்மதிப்பில், சிகிச்சை பெற்றவருக்கும் பெறாதவருக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சிறுவயதில் தன்னைப் பற்றி எப்படி எண்ணினார்களோ, அந்த எண்ணம்தான் பெரும்பாலும் கூட வந்திருந்தது.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கம்பி கேலியை நிறுத்த உதவும். ஆனால் ஒரு பிள்ளை தன்னை மதிக்கப் பழகுவது வீட்டிலும் வகுப்பறையிலும்தான். பல் சீராக்கும் சிகிச்சை வேண்டும் என்று எழுதும் நான், பட்டப்பெயர் நிற்க வேண்டும் என்பதை அதற்கு முன்னால் வைக்கிறேன். அதற்கு வைத்தியர் தேவையில்லை, பணமும் தேவையில்லை. பிள்ளையை அடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தபோது தடியைக் கீழே வைத்தோம். நாக்கையும் அப்படி அடக்க வேண்டும்.

பல்லுக்கும் ஒரு பருவம் உண்டு

மேல் முன்பல் கீழ்ப்பல்லைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் முன்னே நிற்பது இயல்பு. அதற்கு மேலே தள்ளி நிற்பதைத்தான் நாங்கள் மிதப்பு என்கிறோம். தாய் தகப்பனின் தாடை வாகு காரணமாக இருக்கலாம். நாலைந்து வயதுக்குப் பிறகும் விரல் சூப்புவதும், வாயால் மூச்சு விடுவதும் காரணமாகலாம். பாற்பல்லை வேளைக்கே இழப்பது பல் நெருக்கத்துக்கு வழி விடும்.

இந்தக் கடைசிக் காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இலங்கையில் 2015–16இல் நடந்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் அறுபதுக்கு மேற்பட்டோருக்குச் சூத்தைப் பல் இருந்தது. "பாற்பல்லுத்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கடைவாய்ப் பாற்பல் தான் நிற்கும் இடத்தைப் பின்னால் வரும் பல்லுக்காகக் காத்து வைத்திருக்கிறது. அதை ஆறேழு வயதில் பிடுங்கினால், பின்னாலுள்ள பல் முன்னே சரிந்து அந்த இடத்தை அடைத்துவிடும். முளைக்க வேண்டிய பல் இடமில்லாமல் வெளியே தள்ளி வரும், இல்லாவிட்டால் உள்ளேயே கிடக்கும். பதினான்கு வயதில் கம்பி தேவைப்படுவதைச் சில பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் ஒரு சூத்தையை அடைத்தே குறைத்திருக்கலாம்.

தாடை வளரும் வயதில் அந்த வளர்ச்சியையே பயன்படுத்தி மிதப்பைக் குறைக்கலாம். கழற்றிப் போடும் பிளேட் அதற்கு உதவும். பெண் பிள்ளைகளுக்குப் பத்து முதல் பதின்மூன்று, ஆண் பிள்ளைகளுக்கு அதிலிருந்து ஒன்றிரண்டு வருடம் பிந்தி என்று அந்தப் பருவத்தைச் சொல்லலாம். வளர்ச்சி நின்ற பிறகும் கம்பியால் பல்லை நகர்த்தலாம், ஆனால் தாடையை நகர்த்த முடியாது. கடுமையான கோளாறு என்றால் பிறகு சத்திரசிகிச்சைதான் மிஞ்சும். ஒன்பது வயதில் கண்டிருந்தால் பிளேட்டோடு முடிந்திருக்கக்கூடியது, பதினெட்டு வயதில் அறுவை வரைக்கும் போகிறது.

காயத்தையும் மறக்கக் கூடாது. முன்னே தள்ளி நிற்கும் பல், விழுந்தால் முதலில் உடைகிற பல். கிறவல் வீதியில் சைக்கிளில் பாடசாலை போகும் பிள்ளைக்கு இது சின்ன விசயமல்ல.

எல்லாவற்றுக்கும் பயப்படத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏழெட்டு வயதில் முளைக்கும் முன்பல் பெரிதாக, இடைவெளியோடு, விசிறி போல விரிந்து நிற்கும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் வேட்டைப்பல் இறங்கும்போது அந்த இடைவெளி பெரும்பாலும் தானாக அடையும். அதற்குள் "இவளுக்குப் பல்லு வடிவில்லை" என்று பிள்ளையின் முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். இடைவெளி மூடிவிடும், சொன்னது பிள்ளையின் மனதில் கிடக்கும்.

முப்பது நிமிட வேலைக்கு ஒரு முழுநாள்

கம்பிச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதல்ல. ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை போய் இறுக்கி வர வேண்டும். கணக்குப் பார்த்தால் பதின்மூன்று முதல் இருபத்தாறு தடவை. அதன் பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க, தாங்கு பிளேட் போட வேண்டும்.

இதற்கு யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால், கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாகப் போனால் நூறு கிலோமீற்றருக்கு மேல். மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை என்றால் பிரதான வீதிக்கு வந்து சேரவே ஒரு பேருந்து வேண்டும். கதிரையில் இருக்கும் நேரம் அரை மணித்தியாலம். அதற்கு விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும், பிள்ளைக்கு ஒருநாள் படிப்புப் போகும், தாய்க்கு ஒருநாள் கூலி போகும். கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஏராளம். ஆடைத் தொழிற்சாலையில் முறை மாற்றி வேலை செய்யும் தாய் மாதம் ஒரு நாள் லீவு கேட்பது லேசான காரியமல்ல.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை என்கிறோம். அது சரி. ஆனால் இருபது தடவைப் பேருந்துக் காசும் இருபது நாள் கூலியும் வன்னித் தாயின் கையிலிருந்துதான் போகின்றன. இதனால்தான் தொடங்கிய சிகிச்சையைப் பலர் பாதியில் விடுகிறார்கள். பாதியில் விட்ட கம்பி, போடாத கம்பியைவிடக் கெடுதல். இடுக்கில் அழுக்குத் தங்கிப் பல் சூத்தையாகும்.

தனியாரிடம் போனால் செலவு இலட்சங்களில். 2022இல் நாடு வங்குரோத்தான பிறகு பொருள் விலை ஏறியது, வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அரச கிளினிக்குகளில் காத்திருப்போர் வரிசை நீண்டது. பத்து வயதில் பெயர் பதிந்த பிள்ளைக்குப் பதினான்கு வயதில் அழைப்பு வந்தால், நான் மேலே சொன்ன அந்தப் பருவம் போய்விடும்.

வவுனியாத் தண்ணீர்

வவுனியாவிலும் அதைச் சூழ்ந்த வரண்ட பிரதேசத்திலும் இன்னொரு பல் துயரம் உண்டு. நிலத்தடி நீரில் புளோரைட் கூடிய இடங்களில் வளரும் பிள்ளைகளின் நிரந்தரப் பல்லில் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கறையும் விழுகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டை எல்லையாக வைத்திருக்கிறது. பல் முரசுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது எட்டு வயதுக்கு முன்னால், குடித்த தண்ணீர்தான் இதைச் செய்கிறது.

பல் விளக்காத பிள்ளை என்று ஊர் நினைக்கும். உமிக்கரி, உப்பு, செங்கல் தூள் என்று முரசில் இரத்தம் வரும் வரை தேய்த்த பிள்ளைகளை நான் அறிவேன். கறை பல்லின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. தேய்த்தால் போகாது, மிளிரிதான் தேயும். ஆனால் பல் நிறப் பூச்சால் இதை மறைக்கப் பல் வைத்தியரால் முடியும். இது கம்பி போலக் காலமும் செலவும் பிடிக்கிற வேலையல்ல. கிணற்று நீரைப் பரிசோதித்து, சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது புளோரைட் நீக்கிய நீரையோ மழை நீரையோ கொடுத்தால் அடுத்த பிள்ளைக்குக் கறையே விழாது.

வீட்டில் விட வேண்டிய நம்பிக்கைகள்

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று இன்றும் நம்புகிறோம். பல்லின் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் அப்படி ஒரு தொடர்பு இல்லை. நெருக்கமான பல்லுக்கு இடம் எடுக்க வைத்தியர் இரண்டோ நாலோ நல்ல பல்லைப் பிடுங்கச் சொன்னால், "நல்ல பல்லைப் பிடுங்கிறாங்கள்" என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்துவிடுகிறோம். அதே குடும்பம், பத்து வருடம் கழித்துச் சம்பந்தம் பேசும்போது, முன்பல் நாலையும் பிடுங்கிக் கட்டுப்பல் வைக்கச் சம்மதிக்கிறது. இருபத்திரண்டு வயதில் கட்டுப்பல்லோடு மணவறையில் இருக்கும் பெண்ணுக்கு, அந்தப் பல்லைக் காலம் முழுக்க மாற்றி மாற்றிக் கட்ட வேண்டி வரும். முன்பல் போன இடத்துத் தாடை எலும்பும் கரையும்.

ஆண் பிள்ளைக்கு எதற்கு வடிவு என்பது இன்னொரு நினைப்பு. கேலிக்கு ஆளாகும் பையன் அழமாட்டான், அடிப்பான். அடிக்கிறான் என்று அவனைத்தான் அதிபர் அறைக்கு அனுப்புகிறோம்.

செய்யக்கூடியவை

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கிறது. இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த சிறு பாடசாலைகளில் எல்லாத் தரங்களுக்கும் நடக்கிறது. நான்காம் தரம் என்றால் ஒன்பது வயது, மிதப்பைக் கண்டுபிடிக்கச் சரியான வயது. சுகாதார வைத்திய அதிகாரிகள் அந்த நாளில் மூன்று கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் போதும். உதடு சிரமமில்லாமல் மூடுகிறதா? முன்பல்லால் கடிக்க முடிகிறதா? பல்லைச் சொல்லி யாராவது கேலி செய்கிறார்களா? ஒன்றுக்காவது பாதகமான பதில் வந்தால் துண்டு எழுதிப் பல் வைத்தியரிடம் அனுப்பலாம். ஏழாம் தரத்தில் மறுபடி பார்க்கலாம். பத்தாம் தரத்தில் முதன்முதலாகக் கண்டால் பிந்திவிட்டது.

பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் எங்களுக்குக் கிடைத்த நல்ல சொத்து. 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் தொடங்கிய பயிற்சியின் தொடர்ச்சி அவர்கள். மூன்று முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளின் பல் அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. வன்னியில் வெறுமையாக உள்ள அந்தப் பதவிகளை நிரப்புவதற்கு மாகாணச் சுகாதாரத் திணைக்களம் முன்னுரிமை கொடுக்க வேண்டும்.

பல் சீராக்கும் நிபுணர் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உடனே கிடைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மாதம் ஒரு நாள் ஒரு நிபுணர் மாங்குளம் வைத்தியசாலைக்கு வரலாம். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடம் அது. மூன்று மாவட்டத்துப் பிள்ளைகளும் போய் அன்றைக்கே திரும்பலாம். திட்டத்தை நிபுணர் வகுத்தால், இடைப்பட்ட கவனிப்பில் ஒரு பகுதியை அவரின் மேற்பார்வையில் பயிற்சி பெற்ற மாவட்டப் பல் வைத்தியர்கள் செய்யலாம். கிளினிக் நாளைச் சனிக்கிழமையில் வைத்தால் பிள்ளைக்குப் பள்ளி நாள் மிஞ்சும்.

காத்திருப்போர் வரிசையை யார் முதலில் பதிந்தார் என்று பார்த்து நடத்தக் கூடாது. பிரித்தானியாவில் 1989இல் ஓர் ஐந்து படி அளவுகோலை உருவாக்கினார்கள். கோளாறு எவ்வளவு கடுமை என்று அதில் தெரியும், கடுமையானவருக்கு முதலில் சிகிச்சை. இங்கே அதோடு பிள்ளையின் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பருவம் தவறப் போகிறவர் முன்னுக்கு வர வேண்டும்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். பாடசாலை வாசலில் வளைவு கட்டக் காசு அனுப்புகிறீர்கள், நன்றி. அடுத்த வளைவுக்கு முன்னால், உங்கள் பாடசாலையில் சிகிச்சை தொடங்கிய பிள்ளைகளின் இரண்டு வருடப் பேருந்துக் காசைப் பொறுப்பெடுங்கள். உங்கள் பிள்ளைக்குக் கம்பி போட்டபோது மாதா மாதம் கூட்டிப்போன நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும்.

அதிபர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உடம்பைச் சொல்லி அழைக்கும் பெயர் உங்கள் பாடசாலையில் எவர் வாயிலும், முதலில் ஆசிரியர் வாயில், வரக் கூடாது என்று காலைக் கூட்டத்தில் சொல்லுங்கள். கேலி எல்லை மீறினால் முறையிடச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

தாய் தகப்பனுக்கு: வீட்டில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தால், இன்று இரவு பல் விளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வாய் கொப்பளித்து முடிந்ததும் பேசாமல் இருக்கச் சொல்லி உதட்டைப் பாருங்கள். தானாக மூடவில்லை என்றால் அடுத்த கிளினிக் நாளில் பக்கத்து அரச வைத்தியசாலைப் பல் பகுதிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பல்லைக் காட்டுவதற்குக் காசு இல்லை.